பாஸான கரை

போன் அடித்ததும் சடையப்பன் பாய்ந்து எடுத்தார். மண்ணைச் சோதித்துவிட்டுப் போன என்ஜினீயர் இலக்கியாதான். கடல்நீரைச் சேர்த்து வைக்கும் தேக்கத்தின் மண்கரை ஃபெயில் என்றால், மரக்காணத்தில் அவர் உப்பளத்துக்கே பூட்டு.

"கரை தாங்குமா மேடம்?"

"பாஸ்! தண்ணி முட்ட முட்ட நின்னாலும் சரியாது."

"அப்பாடா! வயித்துல பால வார்த்தீங்க."

"தேக்கத்துத் தண்ணிய மட்டும் அவசரப்பட்டு இறக்கிடாதீங்க."

சடையப்பன் சிரித்தார். "கரைக்கு எதுக்கு இவ்ளோ பாரம்னு, மோட்டார் போட்டு நேத்தே மொத்தமா வடிச்சிட்டேனே!"

மறுமுனையில் ஒரே அலறல்.

"ஊறின மண்ணு சரியாம முட்டுக் கொடுத்ததே அந்தத் தண்ணிதாங்க! இப்ப எங்க இருக்கீங்க?"

"கரைமேலதான் நின்னு பேசிட்டிருக்..."

அவர் காலடியில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது.