யாருடைய மிஷின்

கரும்பலகையில் சமன்பாட்டை எழுதிவிட்டு டீச்சர் திரும்பினாள். வகுப்பு முழுக்க முகம் சுளித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சுளிப்பு பழக்கமானது.

காது மிஷின் கத்துகிறது. மெல்லிய விசில் சத்தம். மாட்டியிருக்கிற அவளைத் தவிர ஊருக்கே கேட்கும்.

அதை மறைக்கத்தான் முடியை விரித்துப் போட்டு வந்திருந்தாள். போன மாதம் ஒரு தனியார் பள்ளியில் மிஷினைப் பார்த்ததும், "கிளாஸை எப்படிம்மா சமாளிப்பீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இது அரசுப் பள்ளி, தற்காலிக ஆசிரியர் வேலை. பார்வையில்லாத பிள்ளை, சக்கர நாற்காலிப் பிள்ளை எல்லோரும் ஒரே வகுப்பில் படிக்கிற பள்ளி. அது தெரிந்தும் மறைத்தாள். முதலில் வேலை கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே ஏய்த்துக்கொண்டு வந்தாள்.

மாதிரி வகுப்பைப் பார்க்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை எழுந்தார்.

"ஏ ரோஸ்லின், ஒன் மிஷின்தான் கத்துது. சரி பண்ணு."

முதல் பெஞ்சில் ஒரு பெண். பள்ளி விதிப்படி இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன். அவள் காதில் இருந்த மிஷினுக்கு ஒளிய இடமே இல்லை.

ரோஸ்லின் தன் காதை அமுக்கிப் பார்த்தாள். யார் முகமும் மாறவில்லை. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் டீச்சரின் முடி விலகியது.

பார்த்துவிட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்னுடையதுதான் மேடம். அவ்வளவுதான்.



ரோஸ்லின் தன் மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள்.

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி, முடியை ஒதுக்குகிற சாக்கில் தன் காதைச் சரிசெய்தாள்.

"இப்ப சரியாயிட்டு. பாவம் அந்தப் புள்ள. நீங்க நடத்துங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியை.

நடத்தினாள். நன்றாகவே நடத்தினாள். ரோஸ்லின் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு உதடும் இல்லை.

மணி அடித்தது.

"திங்கக்கிழமையே வந்து சேந்துருங்க," என்று தலைமையாசிரியை கைகூப்பினார்.

எத்தனை நாள் காத்திருந்த சொல். செத்துவிடலாம் போல இருந்தது.

முதல் பெஞ்சிலிருந்து ரோஸ்லின், குரல் எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்தாள்.

"முடி மாட்டுனா கத்தும் மிஸ்."

குற்றம் சொல்கிற முகமாக அது இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

டீச்சர் இரண்டு கைகளாலும் தன் முடி முழுவதையும் அள்ளி, உச்சியில் கொண்டை போட்டாள்.

தலைமையாசிரியையின் கூப்பிய கை அப்படியே நின்றது.

ரோஸ்லினுக்கு நேரே போய், உதடு தெரியக் குனிந்தாள்.

"மாட்டிக்கோம்மா. முதல்லேருந்து சொல்றேன்."