இரவல் பிரேக்

"என் வண்டியைப் பிடிச்சு நிறுத்துங்கம்மா."

லாரி டிரைவர் இப்படிச் சொன்னதும் இன்ஸ்பெக்டருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மாநில எல்லைச் செக்போஸ்ட்டில் "விட்டுடுங்கம்மா" என்று கெஞ்சாத டிரைவரை அவள் பார்த்ததே இல்லை. இந்த ஆளோ பிடிக்கச் சொல்கிறார். அதையும் அதட்டாத குறையாகச் சொல்கிறார்.

"எதுக்குப்பா பிடிக்கணும்? பர்மிட் இருக்கு. ரெண்டு மாநில வரியும் கட்டியிருக்கு. இன்சூரன்ஸ் இருக்கு. வண்டி ஓடலாம்னு எஃப்.சி.கூடப் போன மாசம்தான் வாங்கியிருக்கு. பேப்பர் எல்லாம் சரியா இருக்கு, கிளம்பு."

"பேப்பரா வந்து பிரேக் பிடிக்கும்? கீழே குனிஞ்சு பாருங்க."

"பிரேக் சரியில்லாமலா எஃப்.சி. குடுத்தாங்க?"

"அன்னிக்கு சரியாத்தான் இருந்துச்சு. முதலாளிகிட்ட ஒரே மாடல்ல நாலு வண்டி. அதுல ஒண்ணுதான் புதுசு. எந்த வண்டி எஃப்.சி.க்குப் போனாலும் புது வண்டியோட பிரேக்கையும் டயரையும் கழட்டி மாட்டி அனுப்புவாங்க. சான்றிதழ் கைக்கு வந்ததும் கழட்டிடுவாங்க. விருந்தாளி வந்தா பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவோமே, அந்த மாதிரி."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. இன்ஸ்பெக்டர் லாரிக் கதவில் எழுதியிருந்த எண்ணுக்கு போன் போட்டாள்.

முதலாளி எகிறிக் குதித்தார்.

"அவன் பேச்சை நம்பாதீங்கம்மா! பிரேக்கை மாத்து, டயரை மாத்துன்னு ஓயாம நச்சரிச்சான். வேலையை விட்டு நிறுத்திட்டேன். இன்னிக்குதான் கடைசி டிரிப். நாளைக்குப் புது ஆள் வர்றான். தன் சீட்டுல இன்னொருத்தன் உட்காரப் போறானேன்னு வயித்தெரிச்சல். வண்டியை முடக்கிட்டா அந்தப் புது ஆள் பொழப்பும் போயிடும்ல?"

இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் வயித்தெரிச்சலைத் தீர்த்துக்க என் செக்போஸ்ட்தான் கிடைச்சுதா? மரியாதையா வண்டியை எடு!"

டிரைவர் சாவியைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் வைத்தார்.

"எடுக்க மாட்டேன்."

"என்ன, கொழுப்பா?"

"ஆமாங்க. நீங்க குனிஞ்சு பார்க்கிற வரைக்கும் கொழுப்புதான்."

அடுத்த லாரியிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். "ஏண்ணே, சோறு போட்ட முதலாளியையே காட்டிக் குடுக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"இந்த வண்டி மலை இறக்கத்துல உன் முதுகுக்குப் பின்னாடி வரட்டும். அப்ப கேளு, பதில் சொல்றேன்!"

தலை உள்ளே போய்விட்டது.

வேறு வழியில்லாமல் இன்ஸ்பெக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் குனிந்தாள். பிரேக் லைனிங் என்று ஒன்று அங்கே இருந்ததற்கு அடையாளம்தான் மிச்சம். பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாய் ஒன்றில் கிழிந்த டியூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். இதையா கிளம்பு கிளம்பு என்று விரட்டினோம்? எழுந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"தெரிஞ்சே ஓட்டியிருக்கே. நான் இதை எழுதினா வண்டி மட்டும் இல்லை, உன் லைசென்ஸும் முடங்கும். மாசக்கணக்கா எங்கேயும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. தெரியுமா?"

"தெரியும். எழுதுங்க."

"வேற இடத்துல வேலை பார்த்து வச்சிருக்கியா?"

"வச்சிருந்தேன். திங்கக்கிழமை சேரச் சொன்னாங்க. இனிமே சேர்த்துக்க மாட்டாங்க."

"வீட்ல என்ன சொல்லுவே?"

"என் பொண்டாட்டி ரெண்டு நாள் பேச மாட்டா. அப்புறம் ரொம்பப் பேசுவா."

இவ்வளவு நஷ்டப்பட்டாவது ஒருவனைப் பழி வாங்க வேண்டுமா? எழுத ஆரம்பித்த இன்ஸ்பெக்டருக்கு மனசு ஆறவில்லை.

"அந்தப் புது ஆள் உனக்கு அப்படி என்னப்பா கெடுதல் பண்ணினான்?"

"அவனை நான் பார்த்தது கூட இல்லைங்க."

"அப்போ எதுக்கு இந்தப் பிடிவாதம்? இறக்கத்துல ஓட்டப் பயமா?"

"எனக்கென்னங்க பயம்? இந்த வண்டி எங்கே ஏமாத்தும், எந்த கியர்ல அடங்கும்னு என் காலுக்கு அத்துப்படி. நாளைக்கு ஏறப்போறவன் காலுக்குத் தெரியாதே."

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இப்போது அவள் குரலில் அதட்டல் இல்லை.

"அதுக்கு ஒரு போன் போட்டு அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே. உங்க லைசென்ஸாவது தப்பிச்சிருக்கும்."

இத்தனை நேரம் முறைத்துக்கொண்டு நின்ற டிரைவர் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தார்.

"சொன்னா ஏறாம இருப்பானாங்க? எனக்கு முன்னாடி ஓட்டினவர் சாவியைக் குடுக்கும்போதே என்கிட்ட சொன்னார். வீட்ல அடுப்பு எரியணுமே... நான் ஏறிட்டேன்."