நாற்பதாம் நாள் சாட்சி

"எடுபட்டவள்னா என்னா அர்த்தம், சேச்சி?"

மனுவை எழுதிக்கொண்டிருந்த மலையாளி கமலாக்ஷி பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

ஜெபக்கனி இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள். "கர்த்தாவே! அதை என் வாயால சொல்லச் சொல்லாதீங்க. இன்னைக்கு நாற்பதாம் நாள்."

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது லெந்து நாட்களும் முடியும்வரை கடுஞ்சொல் பேசுவதில்லை என்று மட்டாஞ்சேரித் தமிழ்ச் சபையில் பதினெட்டுப் பெண்கள் பொருத்தனை செய்திருந்தார்கள். மூன்றாம் நாளே மீன்காரரிடம் ஐவர் தோற்றார்கள். மற்றவர்களை அவரவர் கணவன்மார் தோற்கடித்தார்கள். எஞ்சியவள் ஜெபக்கனி ஒருத்திதான். நாளை ஈஸ்டர் ஆராதனையில் அவள் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அதற்கென்று புதுப்புடவையும் எடுத்தாகிவிட்டது.

மனு இசக்கிசெல்வியைப் பற்றியது. சந்தின் கடைசி வீட்டுக்காரி; கொச்சங்காடியில் சுக்குக் கிடங்கில் வேலை. தண்ணீர் லாரி வரும் நாளில் அவள் வாயைத் திறந்தால் பள்ளுருத்தி வரைக்கும் கேட்கும். இனி அவள் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று கவுன்சிலரிடம் கேட்கப்போகிறார்கள். கடைசிக் குடத்துக்குத் தண்ணீர் கிடைத்ததாக அந்தச் சந்தில் சரித்திரமே இல்லை.

கமலாக்ஷியின் வீட்டில் சொந்தத் தொட்டி உண்டு. வரிசையை அவள் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் மாடிக்கு எட்டும்; அந்தச் சொல்லும் அப்படி எட்டியதுதான்.

"முதல் கையெழுத்து சேச்சியோடதா இருந்தா, கவுன்சிலர் மறுத்து ஒண்ணும் பறையமாட்டார்."

"எபேசியர் நாலாம் அதிகாரம் தெளிவா சொல்லுது. வாயிலிருந்து கெட்ட வார்த்தையே புறப்படக் கூடாது." ஜெபக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கையொப்பமிட்டாள். "கோபத்தில போடல, கமலாக்ஷி. அவ திருந்தணும்னு அன்பாத்தான் போடுறேன்."

"குடம் வரிசையில வெச்சாச்சா?"

"ரெண்டு நீலக் குடமும் விடியும்போதே வெச்சாச்சு. லாரி வர்ற நேரம் நான் ஜெபத்தில இருப்பேன். திரும்பி வந்தா, குடம் நிறைஞ்சு வாசல்ல நிக்கும். கர்த்தர் தூதனை அனுப்புறார். நாளைக்கு என் சாட்சியே அதுதான்!"

எந்தத் தூதன் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்பது அவிசுவாசம்.

ஜெபவீட்டில் வேதாகமத்தைத் திறந்தபோது எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கண்ணாடி கமலாக்ஷியின் மேசையிலேயே தங்கிவிட்டிருந்தது. எடுத்துவரத் திரும்பினாள்.

சந்துமுனையில் லாரி நின்றது. அதன் இரைச்சலையும் மீறி ஒரு குரல்.

"ஏ எடுபட்டவளே! நீலக் குடத்தையா தள்ளுதே? கையை ஒடிச்சிருவேன்! அந்த அக்கா நமக்கெல்லாம் சேர்த்து முழங்கால்ல நிக்காங்க. அவங்க குடம் நிறைஞ்ச பிறகுதான் என் குடம்!"

ஜெபக்கனி லாரியின் மறைவிலேயே நின்றுவிட்டாள்.

இசக்கிசெல்வி நீலக் குடங்களை நிரப்பினாள். ஒன்றைத் தலையிலும் மற்றொன்றை இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு ஜெபக்கனியின் வாசலுக்கு நடந்தாள்.

அதற்குள் கமலாக்ஷி மனுவோடு படியிறங்கி வந்தாள். "இனி நீ கடைசியிலதான் நிக்கணும். பாரு, முதல் கையெழுத்து ஜெபக்கனி சேச்சியோடது!"

"சும்மா கதை விடாதீங்க. அக்கா போட்டிருக்க மாட்டாங்க." தலைக்குடத்திலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஜெபக்கனியை இன்னும் எவரும் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பினால் நாற்பது நாளும் முழுசாக இருக்கும், புதுப்புடவையும் வீணாகாது.

"போட்டது நான்தான், இசக்கி!"

சொல்லிக்கொண்டே லாரியைச் சுற்றி ஓடிவந்தாள். இசக்கிசெல்வியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கமலாக்ஷியின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் என்னத்தைப் பிடிச்சிட்டு நிக்கிறே? அதைக் கிழிடி, எடுபட்டவளே!"

சந்தே திரும்பிப் பார்த்தது. கமலாக்ஷிக்கு அந்தச் சொல்லின் பொருள் யாரும் விளக்காமலே விளங்கிவிட்டது.

"சேச்சி... நாளைக்குச் சாட்சி பறையணுமே!"

ஜெபக்கனி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இசக்கிசெல்வியின் காலிக் குடத்தைத் தூக்கி லாரிக் குழாயின் கீழ் வைத்தாள்.

"சொல்லியாச்சு."