வாயில் வைத்த விரல்

ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டு வந்த நிறைமதி, வாயில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. பால் டம்ளரை நீட்டினால், விரல் வைத்தபடியே ஓரமாக உறிஞ்சினாள். தூக்கத்திலும் விரல் உதட்டைவிட்டு நகரவில்லை. காக்காயோடும் தண்ணீர்க் குழாயோடும்கூட ஓயாமல் பேசுகிற பிள்ளை அது. அந்தத் தொணதொணப்பு இல்லாத வீட்டில் அம்மா பரமேஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எடுடீ! ஒரே ஒரு தடவ அம்மான்னு சொல்லேன்."

மிட்டாய் காட்டினாள், கிச்சுக்கிச்சு மூட்டினாள், கடைசியில் முதுகில் ஒன்று வைத்தாள். கண்ணீர்தான் வந்தது, விரல் வரவில்லை. வைக்கச் சொன்ன டீச்சர் எடுக்கச் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

விடிந்ததும் அவளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்டெல்லா டீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா? ஒரே நாள்ல எப்படிப் பழகிட்டாங்க!"

"எம் புள்ள பேசணும் டீச்சர். எடுக்கச் சொல்லுங்க, ஒரு வார்த்தைதானே?" பரமேஸ்வரியின் குரல் அவளை அறியாமல் உயர்ந்துவிட்டது.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சத்தம் அங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்த பரமேஸ்வரியின் வலதுகை, என்றைக்கோ பழகிய பழக்கத்தில், தானாக மேலே எழுந்து உதட்டில் போய் உட்கார்ந்தது. நிறைமதி எம்பி எம்பி, தன் இன்னொரு கையால் அம்மாவின் விரலைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். எட்டவில்லை.