ஹாஜியார் தொட்டியில் புதுக் கல்

தோள் வரை கையை விட்டும் கல் அசையவில்லை. றுமைஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் கையையும் மீன்தொட்டிக்குள் இறக்கினான். உப்புத் தண்ணீர் விளிம்பால் வழிந்து அச்சிமுகம்மது ஹாஜியாரின் வரவேற்பறைக் கம்பளத்தை நனைத்தது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. சாய்ந்தமருது ஊரின் ஆண்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில். தெருவில் பூனைகூட இல்லை. குத்பா முடிந்து, தொழுகை முடிந்து, ஹாஜியார் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீடு வருவதற்குள் கல்லோடு வெளியேறிவிட வேண்டும்.

“பிறர் பொருளில் கை வைப்பவன்...” என்று மௌலவி முழங்கினார்.

றுமைஸ் சட்டென்று கையை வெளியே எடுத்தான். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடியும் விட்டான்.

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. தங்கச்சி அப்னாவுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் இந்த ஊரில் எந்த மாப்பிள்ளையும் வரமாட்டான். சுவர் எழும்பிவிட்டது, கூரைதான் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வரும்போதெல்லாம் உள்ளே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கவலையில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்தது. ஹாஜியாரின் கடல்மீன் தொட்டி ஊரறிந்தது. பவளமும் வண்ண மீனுமாகப் பல வருடம் பிள்ளையைப் போல வளர்த்த தொட்டி. போன மாதம் ஒலுவில் துறைமுகத்தில் ஒரு படகுக்காரனின் வலையில் வந்த கல் அழகாக இருக்கிறதென்று வாங்கி, அதற்குள் வைத்திருந்தார். கட்டுப்போட்ட பெருவிரலோடு கோப்பையைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேசையில் இருந்த ஹாஜியார் கடைக்காரரிடம் கிசுகிசுத்தார்:

“அந்தக் கல்லு ஓட்டைக்குள்ள ஆரோ கடத்தல்காரன் ஒளிச்ச பவுன் கிடக்கு. ஒருத்தருக்கும் கதைச்சிராத, மச்சான்.”

றுமைஸ் வாயில் இருந்த பணிஸை விழுங்க மறந்துபோனான்.

இதோ, அந்தக் கல் இப்போது அசைந்துவிட்டது. உள்ளே ‘டக்... டக்’ என்றொரு சத்தம்.

அவனுக்கு மயிர் சிலிர்த்தது. பவுன் ஆடுகிறது!

அவ்வளவு பெரிய தொட்டியில் இரண்டே இரண்டு மீன்கள்தான் இருந்தன. அவையும் கல்லுக்கு எதிர் மூலையில், பம்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றன. திருடனைக் கண்டு பயந்துவிட்டன போலும்.

“ஆரு மனே அது?”

றுமைஸின் உயிர் போய் வந்தது. சமையலறை வாசலில் அகப்பையோடு சுபைறா, ஹாஜியாரின் மனைவி.

“தொ... தொட்டி கழுவ வந்தன், மாமி. ஹாஜியார்தான் வரச் சொன்னவர். இந்தக் கல்லக் கழுவிக் கொண்டு வரோணுமாம்.”

“ஜும்ஆ நேரத்திலயா?”

“அவசரமாம், மாமி.”

சுபைறா அவனைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். வாசலை விட்டு ஓரடிகூட முன்னால் வரவில்லை.

“தனியத் தூக்க ஏலுமா?”

“ஓம், மாமி!”

“இரி, உரப்பை ஒண்டு தாறன்.”

நின்ற இடத்திலிருந்தே பையை எறிந்தாள். றுமைஸ் கல்லைத் தூக்கிப் பைக்குள் இட்டான். மறுபடியும் ‘டக்’. அவளுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று பலமாக இருமினான்.

“பின்வாசலால போ, மனே. முன்னால போனா ஆக்கள் காணுவாங்க. தூரத்துல எங்கயாவது கொண்டு போய்க் கழுவு.” கதவை அவளே திறந்துவிட்டாள். “மறுகா ஒண்டு சொல்லட்டா? ஓட்டைக்குள்ள மட்டும் கைய உட்டிராத.”

றுமைஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பாவம் மனுஷி, பவுன் இருக்கும் இடத்தைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டாள்!

தொழுகை முடிந்தது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். நனைந்த கம்பளத்தைப் பார்த்தார். தொட்டியில் கல் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஆரு வந்த?”

“மெலிஞ்ச பொடியன் ஒருத்தன். மாமி மாமி எண்டு நல்ல மரியாதையாக் கதைச்சான்” என்றாள் சுபைறா. “எனக்குப் பாவமாப் போயிற்று. ஓட்டைக்குள்ள கைய உட்டிராத எண்டு சொல்லித்தான் அனுப்பினன்.”

“அதை ஏன் சொன்ன? இனி முதல் வேலையா அதுக்குள்ளதானே உடுவான்!”

மூன்று ஒழுங்கை தள்ளி, கூரை போடாத ஒரு வீட்டுக்குள்ளிருந்து “உம்மோ...!” என்று ஓர் அலறல் தடையேதுமின்றி வானத்துக்கு எழும்பியது.

பம்புக்குப் பின்னாலிருந்து இரண்டு மீன்களும் வெளியே வந்து, தொட்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றின.

ஹாஜியார் பெருவிரல் கட்டைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

“மீனெல்லாம் திண்டு, சுத்தியல் மாதிரிக் கையால என்ட விரலையும் அடிச்சி உடைச்ச இறால் ஒண்டு அந்தக் கல்லுக்குள்ள இரிக்கி எண்டு உண்மையச் சொல்லிக் கெஞ்சினன், தொட்டி கழுவுற ஒருத்தனும் கிட்ட வரல்ல, பவுன் இரிக்கி எண்டு ஒரேயொரு பொய் சொன்னன், பாரு சுபைறா, ஜும்ஆவையும் உட்டுப்போட்டு வந்து தூக்கிட்டுப் போறான்!”