வாளியில் ஒரு மணி

குளியலறை வாளியில் புதுத் திரைச்சீலைகள் உப்புத் தண்ணீரில் ஊறுகின்றன. சாயம் போகாமலிருக்க ஒரு கைப்பிடி உப்பு போதும் என்று அண்ணி சொல்லியும், நாத்தனார் பாக்கெட்டுகளையே கவிழ்த்துவிட்டாள். குனிந்து அலசும்போது அண்ணியின் கழுத்திலிருந்த அம்பர் மாலை அறுகிறது. மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோத்திருப்பதால் ஒன்றே ஒன்றுதான் நீலத் தண்ணீருக்குள் விழுகிறது. உள்ளே எறும்பு உறைந்திருக்கும் நடுமணி. மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து கல்லானது என்று பெருமை பேசி, கப்பலில் வேலை பார்த்த அப்பா வாங்கிவந்த மாலை அது. "அசல்னா உப்புத் தண்ணியில மிதக்கும்மா, போலி மூழ்கிடும்" என்று மாலையை மறுபடி கோத்துத் தந்தவர் சொன்ன நாளிலிருந்து, அவள் அதை உப்பின் பக்கம் கொண்டுபோனதே இல்லை. அப்பா ஏமாந்திருந்தால்?

"கையை விட்டுத் துழாவுங்க அண்ணி!"

அண்ணி துழாவவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரைச்சீலையை மெல்லத் தூக்குகிறாள். அதிலிருந்து நீலம் சொட்டுச் சொட்டாக வடிகிறது. ஜன்னல் வெயில் வாளிக்குள் கலைந்து கலைந்து சேர்கிறது. அதன் நடுவே, பால் விடாத தேநீரின் நிறத்தில், கடைசி மடிப்பிலிருந்து நழுவி மேலே வருகிறது மணி. எறும்பைச் சுமந்துகொண்டு நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது.

நாத்தனார் உதட்டைப் பிதுக்குகிறாள். "மிதக்குதே! அப்போ வெறும் பிளாஸ்டிக்தானா அண்ணி?"

அண்ணி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். சிரிப்பில் தோள்கள் குலுங்குகின்றன, கண்ணும் நிறைகிறது. மணியை எடுக்கப்போன நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"இரு, எடுக்காதே. இன்னும் கொஞ்ச நேரம் மிதக்கட்டும்."