எழுத்தைப் பெரிதாக்கியது யார்?

விஜயராணி கம்ப்யூட்டரைத் திறந்து, நேற்று அடித்த பத்திரத்தை எடுத்தாள்.

எழுத்துகள் இன்றைக்கும் பெரிதாகியிருந்தன. 'தானசெட்டில்மெண்ட் பத்திரம்' என்ற தலைப்பே பாதித் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. கீழே ஓரத்தில் நூற்றெண்பது சதவீதம் என்று காட்டியது.

நேற்று ஐந்து மணிக்குக் கிளம்பும்போது நூறில்தான் விட்டுவிட்டுப் போனாள். ஒரு மாதமாக இதே கூத்து.

பக்கத்து சீட்டு ஆஃப்ரினை ஓரக்கண்ணால் பார்த்தாள். யாருக்கோ வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த ஆஃப்ரின் நிமிரவே இல்லை.

'எல்லாம் இவ வேலைதான். எனக்குக் கண்ணு போச்சுன்னு ஊருக்கே போர்டு எழுதிக் காட்டுறா!'

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டி, எழுத்தை மறுபடி நூறுக்குக் கொண்டுவந்தாள். பெரிய எழுத்தில் வேலை பார்ப்பதை முதலாளி கண்டுவிட்டால் அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்தில் பத்திர எழுத்தர் நல்லுசாமியிடம் பதினாறு வருடமாக டைப் செய்கிறாள். போன மாதம்தான் முதல் முறையாக ஒரு பத்திரத்தில் கதவு எண் மாறிப்போனது. சரியாக அடித்ததாகத்தான் ஞாபகம். ஆனால் பேப்பரில் தப்பு இருக்கிறதே! நாற்பத்தெட்டு வயதில் ஞாபகத்தை நம்புவதா, பேப்பரை நம்புவதா?

அன்றிலிருந்து, காட்டூரிலிருந்து வரும் பஸ்ஸில் கடை போர்டுகளைப் படித்துப் படித்துத் தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்கிறாள். காவிரிப் பாலம் வருவதற்குள் எல்லாவற்றிலும் பாஸ். ஆபீஸுக்குள் நுழைந்ததும் பயம் வந்துவிடும். கண் டாக்டரிடம் போகவும் பயம். அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

பதினோரு மணிக்குப் பதிவு ஆபீஸில் டோக்கன். பத்தேகாலுக்கே பார்ட்டி பிச்சை வந்துவிட்டார். கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கும் நிலத்தை மகள் பெயருக்கு எழுதிவைக்கிறார். நேற்றே பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பத்திரத்தை வாங்கி, விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் திடுக்கிட்டார்.

"என்னம்மா இது, சர்வே நம்பர் 41ன்னு போட்டிருக்கு? என்னுது 47ங்க! 41 வாய்க்கா புறம்போக்கு. கவர்மெண்டு வாய்க்காலை எம்பொண்ணுக்கு எழுதிக் குடுத்தேன்னு என்னைப் பிடிச்சு உள்ளே போட்டுடப் போறாங்க!"

நல்லுசாமி உள்ளறையிலிருந்து வேகமாக வந்தார்.

"ஏம்மா விஜயராணி, போன மாசம் கதவு எண்ணு, இந்த மாசம் சர்வே நம்பரா? நானும் ஒருத்தன் எத்தனையைத்தான் சரிபார்க்கிறது? கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணி என்னம்மா பிரயோஜனம்?"

"சார், நான் 47ன்னுதான் அடிச்ச மாதிரி..."

"மாதிரியா? பத்திரத்துல மாதிரிக்கெல்லாம் எடமே இல்ல. ஒண்ணாந்தேதியிலேருந்து நான் வேற ஆள் பார்த்துக்கிறேன்."

விஜயராணி ஆத்திரத்தோடு ஆஃப்ரின் பக்கம் கையை நீட்டினாள்.

"என்னை மட்டும் கேக்குறீங்களே சார், இவளைக் கேளுங்க! தினமும் என் கம்ப்யூட்டரைத் தொட்டு எழுத்தைப் பெருசாக்கி வெக்கிறா. இன்னும் எதையெல்லாம் மாத்தினாளோ!"

எல்லோரும் ஆஃப்ரினைப் பார்த்தார்கள். நல்லுசாமிக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

ஆஃப்ரின் மெதுவாக எழுந்தாள்.

"ஆமா சார், நான்தான் பெருசாக்கினேன். அப்போ கை பட்டு நம்பர் மாறியிருக்கும். அக்கா மேல தப்பு இல்ல. மன்னிச்சுக்குங்க."

"படிச்ச புள்ள பண்ற வேலையா இது?" என்று பிச்சை தலையில் அடித்துக்கொண்டார்.

இடி விழப்போகிறது என்று விஜயராணி காத்திருந்தாள். விழவில்லை.

"சரி சரி, ஆனது ஆச்சு," என்றார் நல்லுசாமி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "47ன்னு மாத்தி வேற பிரிண்ட் எடும்மா. ஒண்ணாந்தேதி பேச்சையெல்லாம் மனசுல வெச்சுக்காதே."

பத்து நிமிடத்தில் புதுப் பத்திரத்தோடு பிச்சையை அழைத்துக்கொண்டு பதிவு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர்கள் தலை மறைந்ததும் விஜயராணி ஆஃப்ரினைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒனக்கு என்னடி கெடுதல் பண்ணினேன்? என் வேலையே போயிருக்கும் தெரியுமா?"

"நான் உங்க கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லக்கா."

"இப்பதானே ஒத்துக்கிட்ட?"

"பார்ட்டி முன்னாடி வேற என்னக்கா சொல்றது? பேப்பர்ல பொடி எழுத்து தெரியலைன்னு, நீங்க அஞ்சு மணிக்குக் கிளம்பினதும் உங்க சீட்டுல உக்காந்து, பெருசாக்கி வெச்சு சரிபார்க்கிறது சார்தான். பத்திரம் எழுதுறவருக்கே கண்ணு தெரியலைன்னு வெளிய தெரிஞ்சா, இந்த ஆபீஸ் படி யாராவது ஏறுவாங்களா? அப்புறம் நம்ம ரெண்டு பேர் கதி?"

விஜயராணி ஆஃப்ரினின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் இவளைத் திட்டாத திட்டில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்போ அந்த 47..." என்று இழுத்தாள்.

"நேத்து சாயந்திரம் அவர்தான்க்கா அதை அழிச்சுட்டு 41ன்னு போட்டுப் பிரிண்ட் எடுத்தார். 'பாவம், விஜயராணிக்குக் கண்ணு மங்கிப்போச்சு, ஒண்ணு எது ஏழு எதுன்னே தெரியலை'ன்னு சொல்லிக்கிட்டே!"